சீட் கொடுப்பது யார்? அமெரிக்க ஆளுநர் தேர்தல் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் 2026 நவம்பர் 3-ஆம் தேதி 36 மாநிலங்களில் ஆளுநர் தேர்தல் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. பின்னலாடை ஏற்றுமதியாலும், வெளிநாடு சென்றுவிட்ட பிள்ளைகளாலும் அந்நாட்டு அரசியல் கொங்கு வட்டாரத்து வீடுகளில் அடிக்கடி பேசப்படுகிறது. அதைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், பொள்ளாச்சி: நம் நாட்டில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அமெரிக்காவில் மட்டும் மக்கள் ஏன் அவருக்கு வாக்களிக்கிறார்கள்? அவருக்கு அப்படி என்ன அதிகாரம் இருக்கிறது?

நம் முதலமைச்சரின் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் என்று அவரை எண்ணிக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். மாநில நிர்வாகத்தின் தலைவர் அவரே. வரவு செலவுத் திட்டத்தை முன்வைப்பதும், துறைகளுக்குத் தலைவர்களை நியமிப்பதும், நேஷனல் கார்டு என்னும் மாநிலப் படைக்குத் தலைமை வகிப்பதும் அவர் பொறுப்பு. ஆனால் நம் முதலமைச்சரைப் போல் அவர் சட்டமன்றப் பெரும்பான்மையை நம்பிப் பதவியில் இருப்பவர் அல்லர். சட்டமன்றம் முழுவதும் எதிர்க்கட்சியின் கையில் இருந்தாலும், நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவரை இறக்கிவிட முடியாது. நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் ஆகிய இரு மாநிலங்களில் 2 ஆண்டுகள், மற்ற 48 மாநிலங்களில் 4 ஆண்டுகள் என்று மக்கள் கொடுத்த காலம் அவருக்கு உண்டு.

வரலாற்று ஆசிரியரான தங்களுக்கு இன்னொரு செய்தியும் சுவையாக இருக்கும். நம் நாட்டிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர்கள் வரவிருந்தார்கள். 1947-இல் சர்தார் படேல் தலைமையிலான மாகாண அரசியலமைப்புக் குழு, வயது வந்தோர் அனைவரும் வாக்களித்து ஆளுநரை நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசியல் நிர்ணய சபையும் முதலில் அதை ஏற்றுக்கொண்டது. மக்களிடம் வாக்கு வாங்கி வந்த ஆளுநரும், மக்களிடம் வாக்கு வாங்கிய சட்டமன்றத்துக்குப் பொறுப்பான முதலமைச்சரும் ஒரே மாநிலத்தில் இருந்தால் யார் சொல் நிற்கும் என்ற கவலை பின்னர் எழுந்தது. 1949 மே மாத இறுதியில் பிரஜேஷ்வர் பிரசாத் கொண்டுவந்த திருத்தத்தை ஏற்று, நியமன முறைக்கு சபை மாறியது. அதனால்தான் தங்கள் வட்டாரத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் 1990-இல் மகாராஷ்டிரத்துக்கும், ஈரோடு மாவட்டத்தில் பிறந்த முன்னாள் தலைமை நீதிபதி பி. சதாசிவம் 2014-இல் கேரளத்துக்கும், திருப்பூரில் பிறந்த சி.பி. ராதாகிருஷ்ணன் 2023-இல் ஜார்க்கண்டுக்கும் ஆளுநர்களாகச் செல்ல முடிந்தது. அந்த மாநிலங்களில் ஒருவரும் அவர்களுக்கு வாக்களித்ததில்லை. வெளி மாநிலத்தவரை அனுப்புவது இங்கே மரபு. அங்கேயோ அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்தான் ஆளுநராக முடியும், பல மாநிலங்களில் இத்தனை ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

மசோதாக்களைப் பற்றியும் ஒரு சொல். சட்டமன்றம் அனுப்பும் மசோதாவை அமெரிக்க ஆளுநர் வீட்டோ செய்யலாம், அதாவது ஒப்புதல் மறுத்துத் திருப்பி அனுப்பலாம். அதைச் சட்டமன்றம் பெரும்பாலான மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் முறியடிக்கலாம். சட்டமன்றம் கூடியிருக்கும் காலத்தில் குறிப்பிட்ட நாள்களுக்குள் அவர் கையெழுத்தும் இடாமல் திருப்பியும் அனுப்பாமல் இருந்தால், மசோதா தானாகவே சட்டமாகிவிடும். ஆளுநர் ஒப்புதல் தராமல் நிறுத்திவைத்த தமிழ்நாட்டின் 10 மசோதாக்களைப் பற்றி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும், ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்று அதே ஆண்டு நவம்பரில் அரசியலமைப்பு அமர்வு கூறிய கருத்தையும் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு விளங்கும்.

அதற்காக அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். பல மாநிலங்களில் நிதி மசோதாவின் தனித்தனி இனங்களை மட்டும் நீக்கும் உரிமை ஆளுநருக்கு உண்டு. விஸ்கான்சினில் அந்த உரிமை சொற்களையும் எண்களையும் அடித்துவிடும் அளவுக்கு நீள்கிறது. 2023-இல் அம்மாநில ஆளுநர் டோனி எவர்ஸ், பள்ளிகளுக்கான நிதி உயர்வு 2024-25 கல்வியாண்டு வரை என்று இருந்ததில் முதல் இரண்டு இலக்கங்களையும் இடைக்கோட்டையும் அடித்து, அதை 2425-ஆம் ஆண்டு வரை என்று ஆக்கிவிட்டார். நானூறு ஆண்டுகளுக்கு உயர்வு! மாநில உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அது செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

கூட்டுறவுச் சங்க முன்னாள் இயக்குநர், கோபிசெட்டிபாளையம்: இங்கே விருப்ப மனு கொடுத்து, சென்னைக்குப் போய் நேர்காணலில் நின்று, தலைமை வெளியிடும் பட்டியலுக்காகக் காத்திருக்கிறோம். அங்கே ஆளுநர் பதவிக்குச் சீட் கொடுப்பது யார்?

வாக்காளர்கள்தான் கொடுக்கிறார்கள். பொதுத் தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்பு, பிரைமரி என்ற பெயரில் ஒவ்வொரு கட்சிக்குள்ளும் ஒரு தேர்தல் நடக்கும். அதை நடத்துவது பெரும்பாலும் மாநில அரசு. வாக்குச்சாவடி, வாக்குச்சீட்டு, எண்ணிக்கை ஆகிய எல்லாம் பொதுத் தேர்தலைப் போலவே இருக்கும். ஒரே கட்சியைச் சேர்ந்த நான்கைந்து பேர் ஒருவரை எதிர்த்து ஒருவர் நின்று, ஒருவர் குறையை ஒருவர் ஊரறியச் சொல்லி வாக்குக் கேட்பார்கள். வென்றவர் கட்சியின் வேட்பாளர். தோற்றவர் கோபித்துக்கொண்டு சுயேச்சையாக நிற்கலாம் என்று நினைத்தால், பெரும்பாலான மாநிலங்களில் சட்டமே அதைத் தடுத்துவிடும். போட்டி வேட்பாளர்களால் கை சுட்டுக்கொண்ட நம் மாவட்டச் செயலாளர்கள் அந்த ஒரு விதியையாவது விரும்புவார்கள்.

இந்த முறை தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. முன்பு கட்சி மாநாட்டில் கூடும் பிரதிநிதிகளே வேட்பாளரை முடிவு செய்தார்கள். அந்தப் பிரதிநிதிகளை முடிவு செய்தவர்கள் சில பெரிய மனிதர்கள். விஸ்கான்சினில் ராபர்ட் லாஃபாலெட் 1896-இலும் 1898-இலும் மாநாடுகளில் தோற்று, 1900-இல்தான் குடியரசுக் கட்சியின் ஆளுநர் வேட்பாளராக முடிந்தது. ஆளுநரானபின் அவர் விடாமல் முயன்றதால் 1903-இல் பிரைமரிச் சட்டம் நிறைவேறியது. 1904-இல் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்று, 1906-இல் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதன்பின் மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

கட்சிப் பெரியவர்கள் அதோடு அடங்கிப் போனார்கள் என்று சொல்வதற்கில்லை. நியூஜெர்சியில் மாவட்டக் கட்சிக் குழு ஆதரிக்கும் ஆள்களின் பெயர்களையெல்லாம், அதிபர் பதவி முதல் ஊராட்சிப் பதவி வரை, வாக்குச்சீட்டில் ஒரே வரிசையில் அச்சிட்டுவிட்டு, மற்றவர்களின் பெயர்களைக் கண்ணுக்கு எளிதில் படாத ஓரத்தில் தள்ளிவிடும் வழக்கம் பல்லாண்டுகளாக இருந்தது. 21 மாவட்டங்களில் 19-இல் இப்படித்தான். வாக்குரிமை எல்லாருக்கும் இருந்தது. வாக்குச்சீட்டின் அமைப்பு மட்டும் மாவட்டக் கட்சித் தலைவரின் கையில் இருந்தது. செனட் பதவிக்குப் போட்டியிட்ட ஆண்டி கிம் என்பவர் தொடுத்த வழக்கில் 2024 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த ஆண்டின் ஜனநாயகக் கட்சிப் பிரைமரிக்கு இதைத் தடை செய்தது; பிறகு சட்டமும் மாறியது. அந்த வரிசை இல்லாமல் நடந்த முதல் ஆளுநர் பிரைமரி 2025 ஜூன் 10-ஆம் தேதி. ஜனநாயகக் கட்சியில் ஆறு பேர் போட்டியிட, மிக்கி ஷெரில் ஏறத்தாழ 34 சதவீத வாக்குகளோடு முதலிடம் பெற்றார். நவம்பரில் ஆளுநராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கல்லூரி மாணவி, கரூர்: அங்கே சின்னம் உண்டா? டெபாசிட் உண்டா?

பொதுவாக வாக்குச்சீட்டில் பெயரும் கட்சியும் மட்டுமே இருக்கும். குடியரசுக் கட்சியின் யானையும் ஜனநாயகக் கட்சியின் கழுதையும் சுவரொட்டிகளோடு சரி. திரும்பக் கிடைக்கும் டெபாசிட்டுக்குப் பதிலாகக் கட்டணமோ வாக்காளர் கையெழுத்துகளோ கேட்பார்கள். கையெழுத்து எளிது என்று தோன்றும். மிச்சிகனில் ஆளுநர் பிரைமரிக்கு 15,000 கையெழுத்துகள் வேண்டும். 2022-இல் கூலிக்குக் கையெழுத்துத் திரட்டியவர்கள் போலிகளைச் சேர்த்துக் கொடுத்ததால், குடியரசுக் கட்சியின் பத்துப் பேரில் ஐந்து பேரின் மனுக்கள் தள்ளுபடியாயின. அவர்களில் ஒருவர் டெட்ராய்ட் நகரின் முன்னாள் காவல்துறைத் தலைவர்.

லாரி உரிமையாளர், நாமக்கல்: ஒரு கட்சியின் வேட்பாளரை மக்கள் தேர்ந்தெடுப்பது என்றால், எதிர்க்கட்சிக்காரர் உள்ளே வந்து வேண்டுமென்றே பலவீனமான ஆளுக்கு வாக்களித்துவிட மாட்டாரா?

நல்ல கேள்வி. மாநிலத்துக்கு மாநிலம் இதற்கு வேறு வேறு ஏற்பாடு இருக்கிறது. பென்சில்வேனியா போன்ற இடங்களில், வாக்காளர் பட்டியலில் தன் கட்சி எது என்று முன்கூட்டியே பதிந்துகொண்டவர் மட்டுமே அந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கலாம். தென் கரோலினா, டெக்சாஸ் போன்ற இடங்களில் கட்சிப் பதிவே கிடையாது. தேர்தல் நாளன்று எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஒன்றைத்தான் வாங்கலாம். கலிஃபோர்னியாவில் 2012 முதல் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில் நிற்கிறார்கள். முதல் இரண்டு இடம் பெற்றவர்கள் நவம்பரில் மோதுவார்கள், அந்த இருவரும் ஒரே கட்சியினராகவும் இருக்கலாம். 2016-இல் செனட் பதவிக்குக் கமலா ஹாரிஸை எதிர்த்து நின்றவரும் அவருடைய கட்சியைச் சேர்ந்தவரே. அலாஸ்காவில் 2022 முதல் முதல் நான்கு பேர் அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள். அங்கே வாக்காளர்கள் ஒன்று, இரண்டு என்று விருப்ப வரிசை இடுகிறார்கள்.

தாங்கள் அஞ்சுகிறபடி எதிர்க்கட்சியினர் கூட்டமாக வந்து வாக்களித்துக் கெடுப்பது அரிது. தன் கட்சியின் வாக்கை விட்டுக்கொடுத்து அதைச் செய்ய அத்தனை பேருக்குப் பொறுமை இருப்பதில்லை. பணத்தால் நடப்பது வேறு. 2022-இல் இல்லினாய் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜே.பி. பிரிட்ஸ்கரும் அவர் கட்சியின் ஆளுநர்கள் சங்கமும் கோடிக்கணக்கான டாலர்களை எதிர்க்கட்சியின் பிரைமரியில் கொட்டினார்கள். மிதவாதியாக அறியப்பட்டவரைத் தாக்கியும், டாரன் பெய்லி என்ற தீவிரப் போக்குடையவரைத் திட்டுவதுபோல் அவர் கட்சி வாக்காளர்களுக்குப் பிடித்த குணங்களையே அடுக்கிக் காட்டியும் விளம்பரங்கள் வந்தன. பெய்லி பிரைமரியில் வென்றார். நவம்பரில் பிரிட்ஸ்கரிடம் தோற்றார். அதே ஆண்டு பென்சில்வேனியாவிலும் மேரிலாந்திலும் இதே உத்தி கையாளப்பட்டு, இதே முடிவு வந்தது. தந்திரம் பலித்தது உண்மை. ஆனால் அந்த விளம்பரங்கள் திணித்த ஆளை ஏற்றுக்கொண்டவர்கள் குடியரசுக் கட்சியின் சொந்த வாக்காளர்களே என்பதால், பழியை முழுவதும் எதிர்க்கட்சியின் மேல் போட முடியாது என்பது என் கருத்து.

வழக்கறிஞர், தாராபுரம்: கட்சி என்பது ஒரு தனியார் அமைப்பு. அதன் வேட்பாளர் தேர்வில் யார் பங்கேற்கலாம் என்பதை அதுவே முடிவு செய்யக் கூடாதா?

இந்த வாதத்தைத்தான் டெக்சாஸ் மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி இருபதாண்டுகள் நீதிமன்றங்களில் பேசிப் பார்த்தது. 1873-ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்ற குடியரசுக் கட்சி, அதற்குப் பிறகு 1978 வரை அங்கே ஒரு ஆளுநர் தேர்தலிலும் வென்றதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வென்றவர்தான் ஆளுநர். நவம்பர்த் தேர்தல் வெறும் சடங்கு. கறுப்பினத்தவர் நவம்பரில் வாக்களிப்பதை அரசியலமைப்பு காக்கும் என்றால், அதைத் தடுப்பதைவிடப் பிரைமரியின் கதவைச் சாத்துவது எளிது என்று கண்டுகொண்டார்கள். 1923-இல் சட்டமே இயற்றினார்கள். 1927-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பிறகு கட்சியின் செயற்குழு விதிக்கட்டும் என்று சட்டத்தை மாற்றினார்கள். 1932-இல் அதுவும் செல்லாமல் போனது. கடைசியில் கட்சி மாநாடே தீர்மானம் போட்டது. அது தனியார் அமைப்பின் முடிவு, அரசின் செயலன்று என்று 1935-இல் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது.

ஹூஸ்டனைச் சேர்ந்த கறுப்பினப் பல் மருத்துவர் லோனி ஸ்மித் தொடுத்த வழக்கில், வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் வாதாடி, 1944-இல் அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டது. அரசு சட்டத்தால் ஒழுங்குபடுத்தும் தேர்தல் நடைமுறையில் பிரைமரி ஒரு பகுதியாகிவிட்ட பிறகு, அதில் நிறத்தைக் காட்டி ஒருவரை விலக்குவது அரசே விலக்குவதற்குச் சமம் என்று நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கு டெக்சாஸில் கட்சிகள் இடம் மாறிவிட்டன: 1994-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி அங்கே மாநிலம் தழுவிய பதவி எதையும் வென்றதில்லை. ஆகவே முடிவு மறுபடியும் பிரைமரியில்தான் நடக்கிறது, குடியரசுக் கட்சியின் பிரைமரியில். அங்கே ஒருவருக்கும் 50 சதவீதத்துக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவருக்கும் இரண்டாம் சுற்று உண்டு.

தனியார் அமைப்பின் உரிமை என்ற தங்கள் வாதம் முற்றிலும் தோற்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாக் கட்சியினரும் எந்தக் கட்சியின் வேட்பாளரையும் தேர்ந்தெடுக்கலாம் என்று கலிஃபோர்னியா கொண்டுவந்த முறையை, கட்சிகளின் கூடும் உரிமைக்கு எதிரானது என்று 2000-இல் அதே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

விவசாயி, மொடக்குறிச்சி: ஆளுநர் சரியில்லை என்றால் இடையில் இறக்க முடியாதா?

சட்டமன்றம் பதவி நீக்க விசாரணை நடத்தி இறக்கலாம். சில மாநிலங்களில் வாக்காளர்களே கையெழுத்துத் திரட்டித் திரும்ப அழைக்கவும் முடியும். இதுவரை அப்படிப் பதவி இழந்த ஆளுநர்கள் இருவர்: 1921-இல் வடக்கு டகோட்டாவின் லின் ஃபிரேசியர், 2003-இல் கலிஃபோர்னியாவின் கிரே டேவிஸ். விஸ்கான்சினின் ஸ்காட் வாக்கர் 2012-இலும், கலிஃபோர்னியாவின் கேவின் நியூசம் 2021-இலும் அந்த வாக்கெடுப்பில் தப்பினார்கள்.

2003-ஐப் பற்றித் தங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன். அந்தத் தேர்தலுக்குப் பிரைமரி கிடையாது. 3,500 டாலர் கட்டணமும் 65 கையெழுத்தும் இருந்தால் போதும் என்பதால் 135 பேர் களத்தில் இறங்கினார்கள். நடிகர் அர்னால்ட் ஷ்வார்ஸ்னேகர் வென்றார். உலகமே அந்த நீளமான வாக்குச்சீட்டைப் பார்த்து வியந்தது. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில், தங்கள் குறைகளை அரசு கவனிக்க வேண்டும் என்பதற்காக விவசாயிகள் திரண்டு மனுத் தாக்கல் செய்ததில் வேட்பாளர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது, வாக்குப்பதிவையும் தள்ளிவைத்தார்கள். அதே ஆண்டில் சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கலிஃபோர்னியாக்காரர்கள் நம்மிடம் விசாரித்திருக்கலாம்.

பின்னலாடை ஏற்றுமதி நிறுவன மேலாளர், திருப்பூர்: 2025 ஆகஸ்டில் நம் சரக்குக்கு வரி 50 சதவீதம் என்று ஏறியபோது பட்ட பாடு மறக்கவில்லை. புதிய ஆளுநர்கள் வந்தால் இது மாறுமா?

நேரடியாக மாறாது. இறக்குமதி வரி கூட்டாட்சி அரசின் அதிகாரம். ஆளுநருக்கு அதில் கையெழுத்து இல்லை. கடையில் விற்கும்போது விதிக்கும் விற்பனை வரி மட்டுமே மாநிலத்துக்கு உரியது. பென்சில்வேனியா, நியூஜெர்சி, மின்னசோட்டா ஆகிய மாநிலங்களில் சாதாரண ஆடைகளுக்கு அந்த வரி கிடையாது. தங்கள் பனியன் எந்த மாநிலத்துக் கடையில் தொங்குகிறது என்பதைப் பொறுத்து விலை சிறிது மாறுவது அதனால்தான்.

ஆனால் மாநிலங்கள் வழக்குப் போடலாம், போட்டன. அவசரகால அதிகாரத்தின் பெயரில் அதிபர் விதித்த வரிகளை எதிர்த்து 2025 ஏப்ரலில் 12 மாநிலங்கள் சேர்ந்து வழக்குத் தொடுத்தன. அவற்றில் வெர்மான்ட்டும் நெவாடாவும் இருந்தன என்பதுதான் கவனிக்கத்தக்கது. அப்போது அந்த இரண்டிலும் ஆளுநர் அதிபரின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். வழக்குப் போட்டவர்கள் அந்த மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்களான அட்டர்னி ஜெனரல்கள், ஜனநாயகக் கட்சியினர். அமெரிக்காவில் 43 மாநிலங்களில் அட்டர்னி ஜெனரலை மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் அவருக்கும் தனியே ஒரு பிரைமரி உண்டு. ஆளுநர் சீட் கொடுத்து வந்தவர் அல்லர் என்பதால், ஆளுநரிடம் கேட்டுக்கொண்டு வழக்குப் போட வேண்டிய தேவை அவருக்கு இல்லை. நம் அரசுத் தலைமை வழக்கறிஞர் முதலமைச்சரின் கட்சி எதிர்க்கும் ஒரு வழக்கைத் தானாகத் தொடுப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியுமா? ஆகவே ஏற்றுமதியாளர்கள் ஆளுநர் தேர்தலோடு இந்தப் பதவிக்கான தேர்தலையும் கவனித்து வருவது பயனுள்ளது.

மென்பொருள் பொறியாளர், கோவை: விவேக் ராமசாமி ஒஹாயோவில் ஆளுநர் பதவிக்கு நிற்கிறாரே. இந்திய வம்சாவளியினர் இதற்கு முன் வென்றிருக்கிறார்களா?

இருவர் வென்றிருக்கிறார்கள், இருவரும் பஞ்சாபி பெற்றோரின் பிள்ளைகள், இருவரும் குடியரசுக் கட்சியினர். லூசியானாவில் பாபி ஜிண்டால் 2003-இல் இரண்டாம் சுற்றில் தோற்று, 2007-இல் எல்லாக் கட்சியினரும் ஒன்றாக நிற்கும் முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாக்குகள் பெற்று வென்றார். நிக்கி ஹேலியின் கதைதான் பிரைமரியின் வலிமையைக் காட்டுவது. 2010-இல் தென் கரோலினாவில் அவரை எதிர்த்து நின்ற மூவரில் ஒருவர் துணை ஆளுநர், ஒருவர் அட்டர்னி ஜெனரல், ஒருவர் காங்கிரஸ் உறுப்பினர். அவரோ மாநில சட்டமன்ற உறுப்பினர் மட்டுமே. கட்சித் தலைமை பட்டியல் போடும் நாட்டில் அந்த நால்வரில் அவர் பெயர் கடைசியாக இருந்திருக்கும். முதல் சுற்றில் ஏறத்தாழ 49 சதவீதம், இரண்டு வாரம் கழித்து நடந்த இரண்டாம் சுற்றில் 65 சதவீதம் என்று வாக்காளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ராமசாமியின் பெற்றோர் பாலக்காட்டுப் பகுதியிலிருந்து சென்றவர்கள். வீட்டில் தமிழ் பேசும் குடும்பம். வாளையாற்றைத் தாண்டினால் வரும் ஊர்க்காரர் என்று கோவையில் பேசிக்கொள்வது இயல்புதான். ஆனால் அவர் பிரைமரிக்கு வந்த வழி ஹேலியின் வழிக்கு நேர்மாறானது. 2025 பிப்ரவரியில் போட்டியை அறிவித்தவுடன் டிரம்பின் ஆதரவு கிடைத்தது. மே மாதத்தில் மாநிலக் கட்சி அமைப்பும் ஆதரவுத் தீர்மானம் போட்டது. முக்கியப் போட்டியாளராக இருந்த அட்டர்னி ஜெனரல் டேவ் யோஸ்ட் அதே மாதம் விலகிக்கொண்டார். பிரைமரிக்கு ஏறத்தாழ ஓராண்டு இருக்கும்போதே பெரிய போட்டி ஓய்ந்துவிட்டது. சீட் கொடுக்கும் உரிமை சட்டப்படி வாக்காளரிடம் இருந்தாலும், அவர்கள் யாருடைய சொல்லைக் கேட்பார்கள் என்பது தெரிந்துவிட்டால், அந்த ஒருவரே கொடுத்ததாக ஆகிவிடுகிறது. இதைப் படிக்கும்போது நம் ஊர் நினைவு வந்தால் அது தவறன்று.

நூற்பாலைத் தொழிற்சங்கப் பொறுப்பாளர், பவானி: இந்த முறையை நம் கட்சிகள் ஏன் கொண்டுவரக் கூடாது?

கொண்டுவர வேண்டும் என்றே நான் நினைக்கிறேன், ஆனால் பாதிச் சரக்கை மட்டும் இறக்குமதி செய்தால் பயனில்லை. 2014 மக்களவைத் தேர்தலுக்குக் காங்கிரஸ் கட்சி சில தொகுதிகளில் இதைச் சோதித்துப் பார்த்து, அதோடு விட்டுவிட்டது. 2022-இல் பஞ்சாபில் ஆம் ஆத்மி கட்சி முதலமைச்சர் வேட்பாளரைத் தொலைபேசியில் மக்களிடம் கேட்டு அறிவித்தது. அது கட்சியே கேட்டுக் கட்சியே எண்ணிய கணக்கு. நமக்கு முதலில் வேண்டுவது வெளியார் சரிபார்க்கக்கூடிய உறுப்பினர் பட்டியல். இன்று கட்சி அறிவிக்கும் உறுப்பினர் எண்ணிக்கையைத் தொகுதியில் அது வாங்கிய வாக்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சிக்கல் விளங்கும். அடுத்தது, தேர்தலைக் கட்சி அல்லாத ஒருவர் நடத்துவது. அமெரிக்காவிலேயே இது முழுமையாக இல்லை: கன்சாஸில் 2018 குடியரசுக் கட்சிப் பிரைமரியில் பதவியில் இருந்த ஆளுநர் ஜெஃப் கோலியரை, தேர்தல்களைக் கண்காணிக்கும் மாநிலச் செயலரான கிரிஸ் கோபாக் எதிர்த்து நின்றார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் 343 வாக்கு வித்தியாசத்தில் கோபாக் வென்றார். கண்டனம் எழுந்தபிறகே வாக்கு எண்ணிக்கைப் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். அவர் நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் லாரா கெல்லியிடம் தோற்றார் என்பது வேறு கதை. நம் தேர்தல் ஆணையத்தின் மேல் எத்தனை குறை சொன்னாலும், பதவியில் இருக்கும் ஆணையரே வேட்பாளராக நின்றதில்லை.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரும். மக்கள் சீட் கொடுத்து வந்தவரும் தலைமையின் விரலசைவுக்கே கை தூக்க வேண்டும் என்றால், அவரை மக்கள் தேர்ந்தெடுத்ததால் என்ன மாறும்?

இதன் மறுபக்கத்தையும் தங்களிடம் மறைக்கக் கூடாது. பிரைமரிக்கு வந்து வாக்களிப்பவர்கள் நவம்பரில் வாக்களிப்பவர்களைவிட எப்போதும் மிகக் குறைவு. வருகிறவர்கள் பெரும்பாலும் சூடானவர்கள். கூட்டம் சிறுக்கச் சிறுக்கச் சூடு ஏறும் என்பதற்கு யூட்டா மாநிலம் 2024-இல் சான்று தந்தது. அங்கே கட்சி மாநாடும் உண்டு, பிரைமரியும் உண்டு. மாநாட்டில் ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸுக்கு எதிராக நின்ற ஃபில் லைமனுக்கு ஏறத்தாழ 68 சதவீதப் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். கூடியிருந்தவர்கள் ஆளுநரை எதிர்த்துக் கூச்சலிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து நடந்த பிரைமரியில் அதே கட்சியின் வாக்காளர்கள் பாதிக்கும் மேல் காக்ஸையே தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றியச் செயலாளர்கள் மட்டும் கூடித் தேர்ந்தெடுத்தால் ஒருவர் வருவார், தொகுதியில் அந்தக் கட்சிக்கு வாக்களிக்கும் நெசவாளர்களும் நூற்பாலைத் தொழிலாளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுத்தால் வேறொருவர் வருவார். எனக்கு இரண்டாமவர்மேல்தான் நம்பிக்கை.

இல்லத்தரசி, பெருந்துறை: என் மகள் நியூஜெர்சியில் கிரீன் கார்டு வைத்திருக்கிறாள். கட்சிக்காரர்கள் வீட்டுக்கே வந்து பிரைமரியில் வாக்களிக்கச் சொல்கிறார்களாம். வாக்களிக்கலாமா?

கூடாது, அம்மா. ஆளுநர் தேர்தலிலும் அதன் பிரைமரியிலும் குடியுரிமை பெற்றவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். வீட்டுக்கு வருபவர்கள் தெருவில் உள்ள எல்லாக் கதவையும் தட்டுபவர்கள். அவர்கள் கொடுக்கும் வாக்காளர் பதிவுப் படிவத்தில் தெரியாமல் கையெழுத்திட்டாலும் பின்னால் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகலாம், நாடு கடத்தப்படவும் நேரலாம். கிரீன் கார்டு இருப்பவர் வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. எச்-1பி விசாவில் இருப்பவர் அதையும் கொடுக்கக் கூடாது, மருமகன் அந்த விசாவில் இருந்தால் அவரிடமும் சொல்லிவையுங்கள். குடியுரிமை கிடைத்தபின் தங்கள் மகள் எந்தக் கட்சியிலும் சேராமல் பதிவு செய்துகொள்ளலாம். அந்த மாநிலத்தில் கட்சி சாராத வாக்காளர் பிரைமரி நாளன்று வாக்குச்சாவடியில் ஒரு கட்சியைச் சொல்லி, அதன் வாக்குச்சீட்டை வாங்கி வாக்களிக்க முடியும்.